கேட்டு விதைக்கிற வயல்

தொலைபேசியில் ‘பாப்பம் பிள்ளை, பாப்பம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிற ஓர் அண்ணனிடம் முடிவான பதில் வாங்க வேண்டுமென்றால், அவர் வீட்டுக்கே போய் அவர் முன்னால் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. நான் லண்டனுக்குப் போனது அதற்காகத்தான். அரண்மனையோ மணிக்கூட்டுக் கோபுரமோ பார்க்கப் போகவில்லை. பார்க்காமலே திரும்பியும் வந்தேன்.

விஷயம் இதுதான். வவுனியாவுக்கு வடக்கே, காட்டோரத்தில், ஒரு சின்னக் குளத்தின் கீழ் எங்கள் அப்பாவின் வீட்டு வளவும் வயலும் இருக்கின்றன. நான் குமர்ப்பெண்ணாக இருந்த காலத்தில் ஒருநாள் இராணுவம் வந்து ஊர் முழுவதையும் எழும்பிப் போகச் சொன்னது. உலையில் அரிசி போட்டிருந்த அம்மா அதை இறக்கி வைக்கக்கூட இல்லை. பிறகு லொறிகளில் தெற்கிலிருந்து சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றினார்கள். யுத்தம் நடந்து, முடிந்து, கண்ணிவெடி அகற்றி, பாதை திறந்து, இப்போதுதான் காணி விசாரணை எங்கள் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு உரித்தாளிகள் அண்ணையும் நானும் மட்டும். வளவில் இப்போது இருப்பவர்கள் எழும்ப வேண்டுமா, இருக்கலாமா என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

நான் யோசிக்கவே இல்லை. எழும்ப வேண்டும். தபால் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சனோடு இளைப்பாறியவள் நான். இடம்பெயர்ந்து திரிந்ததில் கலியாணமும் தவறிப்போய், வவுனியா டவுனில் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அண்ணை வருவார், இரண்டு பேருமாக வளவைத் துப்புரவாக்கி ஒரு வீட்டைப் போடுவோம் என்று யுத்தம் முடிந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வந்தால் ஊரவர்கள் இன்னும் நாலு பேர் வருவார்கள். தனியொருத்தியாக அந்தக் காட்டுக்குள் போய் நான் என்ன செய்வது?

அண்ணையும் மச்சாளும் மோர்டனில் இருக்கிறார்கள். நொதேர்ன் லைன் என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த ரயில் தெற்கே போய் முடிகிற கடைசி ஸ்டேஷன் அது. வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் நான் பக்கத்து வீட்டுக் கேற்றைத் திறந்து உள்ளே போய்விட்டேன். கதவைத் திறந்த வெள்ளைக்காரக் கிழவர் என் சேலையைப் பார்த்து, “நாதன்? அடுத்த வீடு” என்று கையைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பரமநாதன் இங்கே நாதனாகச் சுருங்கிவிட்டார் என்பது அப்படித்தான் தெரிந்தது.

மச்சாள் புட்டு அவித்து, குளிரூட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த பாரை மீனில் குழம்பு வைத்திருந்தார். நான் கொண்டுபோன மிளகாய்த்தூள் பையைப் பிரித்ததும் அண்ணை தும்மத் தொடங்கினார். தும்மிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பிடித்துவிடலாம் இவரை என்று நினைத்து, கை கழுவ முன்பே விஷயத்தை எடுத்தேன்.

“களைச்சுப்போய் வந்திருக்கிறாய், மலர். முதல்ல சாப்பிடு. பாப்பம்” என்றார்.

அடுத்த நாள் அவர் என்னைப் பஸ்ஸில் மாடிக்கு ஏற்றி, முன் இருக்கையில் இருத்தி, அந்திரியாஸ் என்பவரின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடுப்புகளைத் தண்ணீர் படாமல் சுத்தம் செய்கிற கடை. அண்ணை லண்டனுக்கு வந்து முதன்முதலாகச் செய்த வேலை அங்கே நின்று ஆவி இஸ்திரிப்பெட்டி பிடித்ததுதான். இப்போது கடை மகன் கையில். அந்திரியாஸ் பின்பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மகன் செய்வதெல்லாம் பிழை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் சைப்பிரஸ் நாட்டுக் கிரேக்கர். அந்தத் தீவு வடக்கும் தெற்குமாகப் பிளந்து கிடக்கிறது. இவருடைய வீடு வடக்கே அகப்பட்டுவிட்டது. அதில் இப்போது இருப்பவர்கள் துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்கள். இதையெல்லாம் அண்ணை பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். ஆக, ‘இருக்கட்டும், விடு’ என்று தான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் பாவம் அண்ணை, கணக்கு மாறிப்போயிற்று.

“போக வேண்டும். அத்தனை பேரும் போக வேண்டும்” என்றார் அந்திரியாஸ். ஆங்கிலத்தை அவர் கல்லுடைப்பது மாதிரிப் பேசினார். “எல்லைக் கதவைத் திறந்த வருடம் நான் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் கதவைத் திறந்தாள். வாருங்கள், கோப்பி குடியுங்கள் என்றாள். என் வீட்டில் என்னை விருந்தாளியாக்க இவள் யார்? குடிக்கவில்லை. முற்றத்தில் நின்றேன், திரும்பிவிட்டேன்.”

“அங்கே பிறந்த பிள்ளைகளை என்ன செய்வது, அந்திரியாஸ்?” என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

“அது அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களின் பாடு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உன் வீட்டில் இருப்பவர்களை நீ பார்த்தாயா?”

பார்த்தேன் என்றேன். விசாரணைக்காக ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்தேன். எங்கள் வீடு எரிந்துபோயிற்று. எங்கள் அத்திவாரத்தின்மேல் அவர்கள் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். கிணறு எங்களுடையதுதான், கப்பி மட்டும் புதிது. அந்த வீட்டுக்காரி குசுமா. புருஷன் ஊர்க்காவல் படையில் இருந்து யுத்தத்தில் செத்தவன். பிள்ளைகளில் இரண்டு பேர் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள், கடைசி மகன் அவளோடு வயல் செய்கிறான். வெறுந்தேநீரும் கடித்துக்கொள்ளக் கித்துள் பனங்கட்டியும் தந்தாள். நல்ல வெயில். தாகமாக இருந்தது, குடித்தேன்.

அந்திரியாஸ் இவ்வளவையும் கேட்டுவிட்டு, “பெயர் எப்படித் தெரியும்?” என்றார்.

“கேட்டேன்.”

“ஏன் கேட்டாய்?” என்று கோபித்தார். “நான் இன்றைக்கு வரைக்கும் அவள் பெயரைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்டால் பிறகு எழும்பு என்று சொல்ல வராது. நீ பிழை விட்டுவிட்டாய், அம்மா.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் கையால் தேநீர் வாங்கினால், பெயர், ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்காமல் எழும்பி வருவது மரியாதையில்லை. அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எனக்கு ஒரு சிறு கோப்பையில் கோப்பி வந்தது. பாதிக்குக் கீழே வண்டல். அதையும் விழுங்கிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் மழை. அண்ணை தடிமன், தும்மல் என்று சொல்லிப் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். தடிமனும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. நானும் மச்சாளும் குடை பிடித்துக்கொண்டு தமிழ்க் கடைக்குப் போனோம். முருங்கைக்காயைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரிக் கையில் ஏந்திப் பார்த்து வாங்கினார் மச்சாள். வவுனியாவில் அது வேலியில் முற்றிப் பறிப்பாரின்றித் தொங்கும். திரும்பி வரும்போது, “அவரை நெருக்காதேங்கோ மச்சாள்” என்றார். “காணிக் கதை எடுத்த நாளில இருந்து ஆள் சரியாச் சாப்பிடுறேல்லை.”

“எனக்கும் சாப்பாடு இறங்கேல்லைத்தான்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வெம்பிளியில் எங்கள் ஊர்ச்சங்கத்தின் கூட்டம். லண்டன் பிரிட்ஜில் ரயில் மாற வேண்டும். அங்கே மேடையின் ஓரத்தில் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றதும் அந்தச் சுவரும் கதவாகத் திறக்கிறது. அண்ணை முதலில் ஏறினார். நான் சேலையை ஒதுக்கி ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் கதவு சாத்திவிட்டது. உள்ளே அண்ணை வாயை ஆட்டுகிறார், ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரயில் அவரைக் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் நின்ற ஓர் ஆபிரிக்கப் பெண் என் கையைப் பிடித்து, “அசையவேண்டாம். இதே இடத்தில் நில்லுங்கள். அவர் திரும்பி வருவார்” என்றாள். தன் ரயிலையும் போகவிட்டு என்னோடு நின்றாள். வவுனியா ஸ்டேஷன் என்றால் இந்நேரம் பத்துப் பேர் கூடி, பத்து விதமாக யோசனை சொல்லியிருப்பார்கள். இவள் ஒருத்திதான், ஆனால் அண்ணை எதிர்ப்பக்க ரயிலில் வந்து இறங்கும்வரை கையை விடவில்லை.

கூட்டம் ஒரு கடைக்கு மேலே வாடகை மண்டபத்தில் நடந்தது. மட்டன் ரோல்ஸ், வடை, பெரிய கெற்றிலில் தேநீர். இருபது முப்பது பேர் இருப்பார்கள். என்னை முன்வரிசையில் இருத்தி, ஊரிலிருந்து வந்த அக்கா என்று கை தட்டினார்கள். பிறகு ஒருவர் மாறி ஒருவர் எழும்பிப் பேசினார்கள். ஒரு குடும்பம்கூட இருக்கக்கூடாது. வேலி அடைக்க வேண்டும். குளக்கட்டைத் திருத்த வேண்டும். கோயிலைப் பெருப்பித்துக் கட்ட வேண்டும். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் நினைத்ததைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்.

கடைசியில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழும்பி நின்று, “அவையள் எழும்பின பிறகு ஆரார் என்னோட வந்து இருக்கப்போறியள்?” என்று கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை. எத்தனை வீடு வரும் என்று எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கையில் சுழற்றிப் பார்த்தார். “பிள்ளையளின்ர படிப்பு முடியட்டும் அக்கா” என்றார் ஒருவர். அவருடைய பிள்ளைகளுக்கே பிள்ளைகள் இருந்தார்கள். “வருசத்துக்கு ஒருக்கா திருவிழாவுக்கு வருவம்” என்றார் இன்னொருவர். எனக்குப் பக்கத்திலிருந்த பெண் மட்டும் நேராகச் சொன்னாள். “அக்கா, கோபிக்காதேங்கோ. எங்களுக்குக் காணி வேணும். அங்க இருக்க ஏலாது.”

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் ரோல்ஸ் வைத்த காகிதத் தட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ கழன்று விழுந்தது. திரும்பும்போது ரயிலில் அவர் பக்கத்தில் இடமிருந்தும் எதிரே போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலையில் குசினி மேசையில் அவராகவே தொடங்கினார். “மலர், சிறுபோகத்தில தண்ணி காணாத வருசம் அப்பா என்ன செய்யிறவர், ஞாபகமிருக்கோ?”

எனக்கு ஞாபகமில்லாமலா? மாரி மழையோடு வருகிற காலபோகத்தில் குளம் நிரம்பினால் எல்லா வயலும் விதைபடும். கோடையில் வருகிற சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் பாயாது. அப்போது குளத்தோடு ஒட்டிய வயல்களை மட்டும், யாருடையது என்று பார்க்காமல், ஊரில் வயல் உள்ள எல்லாருக்குமாகப் பங்கிட்டு விதைப்பார்கள். எங்கள் வயல் குளக்கட்டின் அடியில். வறட்சி வந்தால் எங்கள் வரம்புகளுக்குள் நாலைந்து குடும்பங்கள் விதைக்கும். சிங்கள ஊர்களிலும் இதே வழக்கம் இருக்கிறது.

“அந்தக் குசுமாவும் அப்பிடி விதைச்சவள் எண்டு நினைச்சு விட்டிடுவம்” என்றார் அண்ணை. “இருக்கட்டும் பிள்ளை. எழும்பு எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. இஞ்ச ஒருநாள் பஸ்ஸில ஒருத்தன் என்னட்டைக் கேட்டவன், உங்கட நாட்டிலதான் சமாதானம் வந்திட்டுதே, நீ எப்ப போறாய் எண்டு. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னமே இறங்கிட்டன். அதையே நான் இன்னொரு ஆளிட்டைக் கேக்கிறதோ?”

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் கை சூடாகிறது.

“அப்பாட்டை அவையள் கேட்டுத்தானே விதைச்சவை?” என்றேன். “கூட்டத்தில முடிவான விஷயம் எண்டாலும் படலை வாசலுக்கு வந்து, அண்ணை விதைக்கட்டோ எண்டு ஒரு வார்த்தை கேட்டவை. அறுவடை முடிய வயலை விட்டவை. எங்களை ஆர் கேட்டது? இது எத்தினை அறுவடை? உங்களை அகதியெண்டு லண்டனுக்குள்ள விட்ட அதிகாரி உங்களுக்குக் கதிரை தந்து, பேர் கேட்டு, விசாரிச்சு விட்டவன். நீங்கள் ஒருத்தற்ற உலையில இருந்த சோத்தையும் தின்னேல்லை. ரெண்டும் ஒண்டோ?”

நான் விடவில்லை.

“நீங்கள் இரக்கப்பட்டுக் குடுக்கேல்லை. உங்களுக்கு அது வேண்டாம், அதால குடுக்கிறியள். நான்தான் அங்க இருக்கிறவள். என்ர பங்கையும் சேர்த்து மோர்டனில இருந்து குடுக்கிறியள்.”

மச்சாள் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். அண்ணை தன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வரமாட்டன், மலர்.”

இத்தனை வருடம் சொன்ன ‘பாப்பம்’ எல்லாவற்றுக்கும் பொருள் அதுதான். “ஊர் எண்டு நினைச்சா எனக்கு வயலும் குளமும் வாறேல்லை. அண்டைக்கு ஓடின ஓட்டம்தான் வருது. அங்க ஒரு இரவு படுக்க ஏலாது என்னால. வெக்கமா இருந்தது, சொல்லேல்லை” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் வராததற்காகவா, அதைச் சொல்லாமல் இத்தனை வருடம் என்னைக் காத்திருக்க விட்டதற்காகவா என்று தெரியவில்லை. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தேன்.

மோர்டன் தெருக்களில் யோசித்துக்கொண்டு நடக்கக்கூடாது. எல்லா வீடும் ஒன்று போலவே இருப்பதால் வழி தவறிவிடும். தவறியது. ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஒரு மருந்துக்கடையைத் தாண்டி, மறுபடியும் அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். அண்ணை வரமாட்டார். சங்கத்தில் கை தட்டியவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள். குசுமாவையும் மற்றவர்களையும் எழுப்பிவிட்டால், அந்தக் காட்டில் விளக்கு எரிகிற வீடு என்னுடையது ஒன்றுதான். அவளை அப்படியே விட்டால், நான் வாடகை அறையில் கிடந்து சாக வேண்டியதுதான். அப்பாவின் வளவை நான் ஏன் விட வேண்டும்? எனக்கு அது வேண்டும். வயல் செய்கிற வயது மட்டும் போய்விட்டது.

வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே வந்ததும், கோட்டைக் கழற்றாமலே சொன்னேன். “வளவும் வீட்டு நிலமும் எனக்கு வேணும். அதில நான் ஒரு சொட்டும் விடமாட்டன். வயலை அவள் ஊருக்குள்ள வேற எங்கையாவது இருந்து விதைக்கட்டும். ஆனா ஒவ்வொரு போகமும் என்ர படலைக்கு வந்து கேட்டு விதைக்க வேணும். நான் இல்லையெண்டு சொன்னா இல்லை. சொந்தக்காரி நான். இதுக்கு ஓமெண்டு சொல்லுங்கோ. விசாரணையில ரெண்டு பேரும் இதையே சொல்லுவம்.”

“ஓம்” என்றார் அண்ணை. ‘பாப்பம்’ வரவில்லை.

அடுத்த விசாரணைக்கு முன் அவளிடம் நானே சொல்லிவிடுவதுதான் முறை. ஊரில் அப்போது பின்னேரம். ஊருக்குப் போனபோது, லண்டன் போய் அண்ணையோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்த குசுமாவின் இலக்கத்தை அழுத்தி, மச்சாளுக்கும் அண்ணைக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன். கோழிகள் கத்துகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு, “மலர் அக்கா! லண்டன் குளிரா?” என்றாள் சிங்களத்தில். தபால் கந்தோரில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். சுற்றி வளைக்காமல் சொன்னேன். வீட்டை விட வேண்டும் என்றேன்.

“மூன்று பிள்ளைகளை அந்த வீட்டில் பெற்றேன், அக்கா” என்றாள்.

“தெரியும்.”

“எங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது, இது யாருடைய கிணறு என்று நான் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.”

“இப்போது தெரியும்தானே” என்றேன். குரலைத் தணிக்கவில்லை. தணித்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். குளத்தடி வயலைப் பற்றிச் சொன்னேன். கேட்டு விதைக்கலாம் என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “குளத்தில் பாதித் தண்ணீர்தான் நிற்கிறது” என்றாள். பிறகு, “அக்கா, இந்தப் போகம் விதைக்கட்டுமா?” என்று கேட்டாள்.

நாற்பது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள் நான். அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. “விதை” என்றேன். “அறுவடை முடிய வீட்டை விடு.”

“சரி” என்றாள். போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “உங்கள் அண்ணா எப்போது வருகிறார்? இரண்டு பேருமாகத்தானே வந்து இருப்பீர்கள்?”

மச்சாள் சுவரைப் பார்த்தார். அண்ணை கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்தார். வாலிபத்தில் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நின்றபோது கற்ற சிங்களம், நாற்பது வருடம் பேசாமல் கிடந்தது, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

“நான் வரமாட்டேன். தங்கச்சி தனியத்தான் வருவாள். அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.”

வீட்டை விட்டு எழும்பு என்று இப்போதுதான் சொன்ன ஒருத்தியிடம், என் அண்ணன் என்னை ஒப்படைக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு பிள்ளை அழுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தார், கோபிக்கவும் முடியவில்லை.

“பார்த்துக்கொள்கிறேன், அண்ணா” என்றாள் குசுமா. அதை உடனே சொன்னாள், யோசித்துச் சொல்லவில்லை.

நான் போனை வாங்கி, அறுவடை முடிய வீடு வேண்டும் என்பதை அவளுக்கு இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்தேன்.